நம்ம லயத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை வேண்டாமா?



பேராக் மாநிலத்தில் கோலகங்சார் பட்டணத்துக்குப் போய்வந்தவர்கள் அங்கே ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நட்ட ஒன்பது கன்றுகளில் மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நாட்டின் பழம்பெரும் ரப்பர் மரம் என்று அதற்கு மரியாதை. நல்லது, மரியாதை செய்யட்டும். நமக்கும் அது தாய் மரம்தான்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த இனத்து மரங்கள் காடு காடாய்ப் பரவினவே, அவற்றை விடியற்காலையில் எழுந்து, பனியில் நனைந்து, கொசுக்கடி வாங்கி, நிரை நிரையாய் வெட்டிப் பால் எடுத்தது யார்? அந்த மனிதன் படுத்து எழுந்த லயம் எங்கே? அவன் கும்பிட்ட கோயில் எங்கே? அவன் பிள்ளை 'அ' எழுதிப் பழகிய பள்ளிக்கூடம் எங்கே? மரத்துக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசியாவது அந்த இடங்களுக்குக் கிடைத்திருக்கிறதா?

சில நாளைக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓய்வுபெற்ற வெட்டு மரத்துக்காரப் பெரியவர் ஒருவர். அவருடைய பேரன், பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பையன், லீவில் வந்திருந்தான். தாத்தாவும் பேரனும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"தாத்தா, நம்ம கோயில 'வாரிசான்'ல போடச் சொல்லி எழுதிக் கேட்டா என்னா?"

"வாரிசானா? அது என்னாடா வாரிசான்?"

"பழைய கட்டடம், பழைய இடமெல்லாம் இடிக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு பட்டியல் போட்டு வைக்கிறது தாத்தா. பட்டியல்ல ஏறிட்டா லேசுல கைவைக்க முடியாதாம்."

பெரியவர் சிரித்தார். "அட போடா! அதெல்லாம் ராஜா கட்டுன அரமனைக்கும் வெள்ளக்காரன் கட்டுன கோட்டைக்குந்தான். கூலிக்காரன் தகரமும் பலகையும் போட்டுக் கட்டுன கொட்டாய்க்கு எவன் பட்டயம் குடுப்பான்?"

அந்தக் கேள்விதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது. பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதில் நம்மில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

முன்னே 1976ஆம் ஆண்டில் வந்த தொல்பொருள் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதிலே நூறு வயது என்பது பெரிய அளவுகோல். நூறு வயது ஆகாத கட்டடத்துக்காகப் போய் நின்றால் வாதாடுவது கஷ்டம். 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தேசியப் பாரம்பரியச் சட்டம் என்று புதிய சட்டம் கொண்டுவந்தது. சட்ட எண் 645. அது 2006ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் இன்று இதுதான் இருக்கிறது. இதைக் கவனிக்க 'ஜாபாத்தான் வாரிசான் நெகாரா' என்ற இலாகாவும், பாரம்பரிய ஆணையர் என்ற பதவியும் இருக்கின்றன.

இந்தச் சட்டத்தில் இரண்டு படி உண்டு. முதல் படி, ஓர் இடத்தைப் 'பாரம்பரியத் தலம்' என்று ஆணையர் அறிவிப்பது. மேல்படி, 'தேசியப் பாரம்பரியம்' என்று அமைச்சர் அறிவித்து அரசாங்கக் கெஜட்டில் வெளியிடுவது. இந்த மேல்படிக்கு யார் பெயர் கொடுக்கலாம் தெரியுமா? சட்டத்தின் 68ஆம் பிரிவைப் பாருங்கள். 'எவரும்' பரிந்துரைக்கலாம் என்று இருக்கிறது. டத்தோ வேண்டாம், டாக்டர் பட்டம் வேண்டாம், நிலத்துச் சொந்தக்காரராகவும் இருக்க வேண்டாம். பால் வெட்டுகிற முனியம்மாவும் பாரம் நிரப்பி அனுப்பலாம், செம்பனைக் குலை தள்ளுகிற மாரிமுத்துவும் அனுப்பலாம்.

சரி, எதை வைத்து முடிவு செய்வார்கள்? அதையும் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் வரலாற்றோடு தொடர்பு உண்டா? கட்டட அழகு உண்டா? சமுதாய, பண்பாட்டுத் தொடர்பு உண்டா? அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்லுமா? அபூர்வமானதா? ஒரு வகைக்கு மாதிரியாக நிற்குமா? இப்படி இன்னும் சில.

இதில் கடைசியாகச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். ஒரு வகைக்கு மாதிரி! அரண்மனை என்பது ஒரு வகை. கோட்டை ஒரு வகை. தோட்டத்து லயமும் ஒரு வகைதான். பெரட்டுக் களம், ஆயக் கொட்டகை, பால் ஸ்டோர், புகைக் கூடம், கள்ளுக்கடை, துரை பங்களா, தமிழ்ப் பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாம் சேர்ந்த ஒரு முழுத் தோட்டம் என்பது இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஆயிரம் இடத்தில் இருந்த வகை. ஆயிரம் இருந்தபோது யாரும் மதிக்கவில்லை. இன்று முழுசாய் ஒன்றைத் தேடினால் அகப்படுவது அபூர்வம். அப்போ அது 'அபூர்வம்' என்ற கணக்கிலும் வந்துவிடுகிறது, பாருங்கள்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் மட்டும்தான் பாரம்பரியம் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. பாட்டு, கூத்து, கைவேலை போன்றவற்றையும், உயிரோடு இருக்கிற மனிதரையும்கூடப் பரிந்துரைக்க இடம் இருக்கிறது. தப்பு அடிக்கிறவர், கூத்துக்குப் பாடுகிறவர் உங்கள் தோட்டத்தில் இருக்கிறாரா? அவரையும் நினைத்துப் பாருங்கள்.

ஏறியவையும் ஏறாமல் போனவையும்

கூலிக்காரன் கட்டிய கோயிலுக்குப் பட்டயம் கிடைக்குமா என்று பெரியவர் கேட்டார் அல்லவா? தெற்கே சிங்கப்பூரைப் பாருங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிற ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியபோது வெறும் மரமும் அத்தாப்பும்தான். பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர் முன்நின்று அமைத்தது. கப்பலில் வந்து இறங்கியவன் வேலை கிடைக்கும் மட்டும் தலைசாய்க்க இடம் கொடுத்த கோயில் அது. கலியாணங்களைப் பதிவு செய்த கோயிலும் அதுதான். அங்கே நினைவுச் சின்னங்களைக் காக்க 1971இல் ஒரு வாரியம் அமைத்தார்கள். 1973ஆம் ஆண்டிலேயே முதன்முதல் பட்டியலில் எட்டுச் சின்னங்களில் ஒன்றாக அந்த மாரியம்மன் கோயிலும் ஏறிவிட்டது. அதோடு நிற்காமல், சிராங்கூன் ரோட்டு 'லிட்டில் இந்தியா' வட்டாரம் முழுவதையும் 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு வட்டாரம் உண்டு. மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. எட்டு அடி எடுத்து வைத்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். அந்தப் பக்கம் செங் ஹூன் தெங் சீனக் கோயில். பினாங்கு ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் 1833இல் கட்டிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மலாக்கா, ஜார்ஜ் டவுன் இரண்டு நகரங்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தக் கோயில்களும் தெருக்களும் அதற்குள் அடங்கின. ஒற்றைக் கட்டடத்துக்கு வந்த பெருமை அல்ல அது. பல இனத்தாரும் பக்கம் பக்கமாய் வாழ்ந்த தெருவுக்கு வந்த பெருமை.

இனி ஏறாமல் போனவற்றையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் அம்பாங் சாலையில் போக் ஹவுஸ் என்று ஒரு மாளிகை இருந்தது. 1929இல் கட்டி முடித்தது. பட்டணத்தில் தெரியாதவர் இல்லை. புதிய சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006ஆம் ஆண்டு, டிசம்பரில் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சட்டம் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. அவ்வளவுதான்.

அதைவிட நம் நெஞ்சைச் சுடுவது கெடா பூஜாங் பள்ளத்தாக்கு. நாம் 'கடாரம்' என்று சொல்கிறோமே, 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து போன கடாரம், அந்த மண். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழிபாட்டு இடங்களின் அடித்தளங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றில் 11ஆம் எண் கொடுத்து ஆராய்ச்சிக்காரர்கள் சீர்படுத்தி வைத்திருந்த ஒரு சண்டியை வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளிவிட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியே வந்தது. நாடே கொதித்தது. ஆனால் அந்த இடம் தனியார் நிலத்தில் இருந்தது, கெஜட்டில் ஏறியிருக்கவில்லை. ஆயிரம் வயது ஆன கல்லுக்கே அந்தக் கதி என்றால், எழுபது எண்பது வயது ஆன தோட்டத்துக் கோயிலுக்கு யார் காவல்? 'பழசு என்று ஊருக்கே தெரியும்' என்பது வேறு, 'பழசு என்று கெஜட்டில் இருக்கிறது' என்பது வேறு. இதை மறக்காதீர்கள்.

கெல்லியின் மாளிகையும் கோயில் மேல் நிற்கும் துரையும்

பேராக் பத்துகாஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற துரை 1915இல் கட்டத் தொடங்கியது. சென்னைப் பக்கத்திலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்து வேலை வாங்கினார். விஷக் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்து மடிந்தபோது, தொழிலாளர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டதாகவும், துரை கட்டிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். நன்றிக்கு அடையாளமாகத் தொப்பியும் காற்சட்டையுமாய்த் துரை உருவத்தையே தெய்வங்களோடு கோயிலின் மேலே நிறுத்தி வைத்தார்கள். 1926இல் துரை லிஸ்பன் நகரில் இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

நான் குறை சொல்லவில்லை. அங்கே போகிறவர்கள் துரையின் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். செங்கல் சுமந்தவனின் பெயர்? சாந்து குழைத்தவனின் பெயர்? காய்ச்சலில் போனவனின் பெயர்? யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதது அடுத்தவன் குற்றம் மட்டும்தானா? நாமும் எழுதவில்லையே!

"அந்த ஜெயிலையா காப்பாத்தணும்?"

திண்ணைப் பேச்சுக்கே திரும்பி வருகிறேன். பேரன் கோயிலோடு விடவில்லை. "பழைய லயம் ஒரு வரிசையாவது அப்படியே வைக்கணும் தாத்தா" என்றான். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குடா? ஒரு ரூம்பு, ஒரு குசினி, அதுல எட்டுப் பேரு. மழ பெஞ்சா ஒழுகும். பத்து வீட்டுக்கு ஒரு பைப்பு. பெரட்டு மணி அடிச்சா எந்திரிச்சு ஓடணும். ஒங்க பாட்டிக்கு அந்த ரூம்புலதான் பிள்ள பொறந்துச்சு, அந்த ரூம்புலதான் ரெண்டு செத்துச்சு. அந்த ஜெயிலையா காப்பாத்தணும்ங்கிற? இடிச்சுத் தொலையட்டும்!"

பேரன் தலைகுனிந்துகொண்டான். எனக்கும் பேச வாய் வரவில்லை. லயத்தில் வாழ்ந்தவர் சொல்கிறார். வாழாதவன் அதற்கு மறுப்புச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தேன். நல்லதை மட்டும்தான் காப்பாற்ற வேண்டுமென்றால் சரித்திரம் பாதிதான் மிஞ்சும். அரண்மனையைக் காப்பாற்றி லயத்தை இடித்துவிட்டால், நாளைக்கு வரும் பிள்ளை என்ன நினைக்கும்? இந்த நாட்டில் எல்லோரும் அரண்மனையிலே இருந்தார்கள் என்று நினைக்கும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள் என்று புத்தகத்தில் எழுதினால் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும். அந்த அறைக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினால் அப்பனையும் பாட்டனையும் புரிந்துகொள்ளும்.

லயத்தைக் காப்பாற்றுவது அந்தக் கஷ்டத்தைப் போற்றுவதற்கு அல்ல. பெரியவரே, நீங்கள் பட்டது பொய் இல்லை என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். இடித்துவிட்டால் சாட்சியும் போய்விடும். எல்லா லயத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இன்னமும் ஆட்கள் குடியிருக்கிற லயத்தை 'பாரம்பரியம்' என்ற பெயரில் அப்படியே ஒழுகவிட்டால் அது அக்கிரமம். குடியிருக்கிறவனுக்கு நல்ல வீடு வேண்டும், முதல் வேலை அது. காலியான லயங்களில் ஒரு வரிசை, நாலு வீடு, நாட்டுக்கு மாதிரியாக நிற்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மாட்டுக் கொட்டகையிலும் கோயில் தாழ்வாரத்திலும் பாடம் நடந்த காலம் உண்டு. அந்தக் கொட்டகையில் படித்தவன் இன்று டாக்டர், வக்கீல், ஆசிரியர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் நடுத்தெருவில் நின்றபோது, தொழிலாளர் தலைக்குக் கொஞ்சம் காசு போட்டு 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்து தோட்டங்களை வாங்கியது. கூலிக்காரனே தோட்டத்துக்குச் சொந்தக்காரனான கதை வேறு எங்கே இருக்கிறது? இதெல்லாம் 'நாட்டின் வரலாற்றோடு தொடர்பு' இல்லையா? கட்டாயம் உண்டு. எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

என்ன செய்யணும்? எப்படிச் செய்யணும்?

வெறும் ஆவேசம் போதாது. பாரத்தில் எழுதுவதற்குச் சரக்கு வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் சேர்ந்து தொடங்கலாம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கோயில் கல்வெட்டு, மணி, விளக்கு, உண்டியல், சுவர் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். 'உபயம் இன்னார், இன்ன வருஷம்' என்று இருக்கும். அப்படியே எழுதிக்கொண்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேடு இருந்தால் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, 1954இல் அமைந்த தோட்டத் தொழிற்சங்கத்தின் சந்தா அட்டை, கலியாணப் படம், திருவிழா நோட்டீஸ் எல்லாம் சாட்சிதான். கலியாணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் பழைய கோயில் தெரியும், கவனியுங்கள்.

இரண்டாவது, பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கல் நிற்கும், மனிதர் நிற்க மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட்ட இடத்துக்கு யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யார் திரும்பி வரவில்லை, கிணறு யார் வெட்டியது, முதல் பூசாரி யார்? பேச்சைப் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள்.

மூன்றாவது, நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெஜாபாட் தானாவுக்குப் போய்க் கட்டணம் கட்டி 'காரியான்' போட்டால் லோட் எண், முக்கிம், சொந்தக்காரர் பெயர் எல்லாம் கிடைக்கும். இந்த விவரம் இல்லாத மனு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

நான்காவது, எழுதுங்கள். மலாய் மொழியில் தெளிவாக எழுதுங்கள். இடம் எங்கே, எப்போது கட்டியது, யார் கட்டியது, இன்றைய நிலைமை என்ன, என்ன ஆபத்து, ஏன் நாட்டுக்கு முக்கியம்? 'எங்களுக்கு முக்கியம்' என்று எழுதினால் போதாது, நாட்டுக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். சட்டம் கேட்கிற அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதுங்கள். மலாய்ப் பெரியவர், சீனக் கடைக்காரர், அக்கம்பக்கத்தார் அந்த இடத்தைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்தால் மனுவுக்கு எடை கூடும். வாரிசான் இலாகாவுக்கு ஒன்று, மாநில அரசாங்கத்துக்கு ஒன்று, மஜ்லிஸ் டேராவுக்கு ஒன்று அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் 'தெரிமா' சாப் அடித்து வாங்கி வாருங்கள். சாப் இல்லாத கடிதம் போன இடம் தெரியாது!

ஐந்தாவது, பினாங்குக்காரர்கள் கவனிக்க: உங்கள் மாநிலத்துக்கு 2011ஆம் ஆண்டிலேயே தனிப் பாரம்பரியச் சட்டம் வந்திருக்கிறது. மற்ற மாநிலத்தார் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' என்ற உள்ளூர்த் திட்டத்தைக் கவனியுங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அந்தத் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். உங்கள் கோயில் இருக்கும் இடத்தில் வரைபடத்தில் கடைவீடு என்று வண்ணம் அடித்திருந்தால், அப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். புல்டோசர் வந்த பிறகு கட்டிப்பிடித்து அழுது பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

இடிக்கப் போகிறார்கள் என்ற அவசர நிலைமை வந்தால், இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போடச் சட்டத்தில் ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஏமாந்து போகாதீர்கள்

ஆசை காட்டிவிட்டு மறைக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

பட்டியலில் ஏறினால் நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. பாரம்பரியம் வேறு, கெரான் வேறு. எண்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்தோம் என்பதால் மட்டும் நிலம் நம் பெயருக்கு வந்துவிடாது என்பதுதான் இந்த நாட்டு நிலச் சட்டம். கோயில் நிலத்துக்குத் தனியாகப் போராட வேண்டும், வீட்டுக்கும் தனியாகப் போராட வேண்டும். இதைச் செய்தால் அது வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். ஆகவே மாநிலத்தைக் கலக்காமல் கோலாலம்பூரில் மட்டும் முடிவாகிவிடாது. நிலச் சொந்தக்காரருக்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுப்பார்கள். அவர் ஆட்சேபிக்கலாம். தோட்ட நிர்வாகத்தை எதிரியாக நினைத்துத் தொடங்குவதைவிட, முதலில் போய்ப் பேசிப் பார்ப்பது நல்லது. பழைய லயமும் பள்ளிக்கூடமும் தங்களுக்கும் பெருமைதான் என்று உணர்கிற மேனேஜரும் இல்லாமல் இல்லை.

இன்னொன்று, ஏறிய பிறகு நம் கையும் கொஞ்சம் கட்டப்படும். 2018ஆம் ஆண்டில் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் அடித்தார்கள். பார்த்தவர்கள் அழகு என்றார்கள். ஆனால் அனுமதி கேட்காமல் அடித்துவிட்டீர்கள் என்று பாரம்பரிய இலாகா கேள்வி கேட்டது. படிகள் இன்றும் வண்ணத்தோடு இருக்கின்றன. நமக்குப் பாடம் ஒன்றுதான். பட்டியலில் ஏறிய இடத்தில் சுண்ணாம்பு அடிப்பதானாலும் கேட்டுவிட்டு அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். பழைய கோயில்களை இடித்தது டெவலப்பர் மட்டும்தானா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று சொல்லி, பாட்டன் வைத்த கல்லையும் மரத்தூணையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பளபளப்பான ஓடு பதித்து, பழைய உபயக் கல்லைக் காணாமல் அடித்தது நம் கமிட்டிகளும்தானே? கோபுரம் உயரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கல் ஒன்றையாவது, பழைய மணியையாவது, பழைய தூண் ஒன்றையாவது ஒரு மூலையில் பத்திரமாக வையுங்கள். நாமே துடைத்துவிட்ட பழமையை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

கட்டடம் மட்டும் நின்றாலும் போதாது. ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டோடு ஒழிந்தபோது, தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த பலர் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். எட்டு வருஷம் கழித்து உலகப் பெருமை வந்தது. கட்டடம் இருந்தது, பலருக்கு அங்கே வீடு இல்லை. நம் தோட்டத்துக்கும் அந்தக் கதி வரலாம். ஜனங்கள் போய்விட்ட கோயில், பூட்டின அருங்காட்சியகம் மாதிரி. ஆகவே பட்டணத்துக்குப் போனவர்களே, திருவிழாவுக்காவது வாருங்கள். விளக்கு எரிகிற கோயிலுக்குத்தான் எந்த மனுவிலும் பலம்.

பெரியவர் காட்டிய இடம்

அன்றைக்குக் கிளம்பும் முன் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, லயத்தை விடுங்க. இந்தக் கோயில யாரு கட்டுனா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, கோயிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுவர் அடியில் பாசி பிடித்த ஒரு மூலைக்கல். "இதுதான் மொதக் கல்லு. ஆத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தது. எங்கப்பாவும் இன்னும் மூணு பேரும் காவடித் தண்டுல கட்டித் தூக்குனாங்க. எனக்கு அப்ப ஆறு ஏழு வயசு, பின்னாலயே ஓடியாந்தேன். அந்தா அங்க ஆயக் கொட்டாய். இந்தா, இந்த லாலான் கெடக்கே, இங்கதான் பள்ளிக்கூடம். வாத்தியாரு மரத்தடியில நிப்பாரு."

பேரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். எழுதக் காகிதம் இல்லை. பூசாரியிடம் கேட்டு, அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். "தாத்தா, மத்த மூணு பேரு பேரு என்னா? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

பெரியவர் சொன்னார். மூன்றாவது பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பேரன் எழுதி முடித்ததும் சீட்டை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. "படிச்சுக் காட்டுடா" என்றார். அவன் படித்தான். "சரிதான். இதையும் அந்த வாரிசான்காரனுக்கு அனுப்பிவிடு" என்றார்.

தோட்டத்து அன்பர்களே, பட்டியல் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த நாலு பெயர் அன்றைக்கு அழியாமல் பிழைத்தது. உங்கள் தோட்டத்திலும் அப்படி நாலு பெயர் இருக்கும், ஒரு மூலைக்கல் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோயில் திண்ணைக்குப் போங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்!